உராய்வு என்று எழுதிவிட்டால் முடிந்துவிடுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"முடிவெடுப்பதில் நேரும் தவறுகள்" என்று நம் செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். நெப்போலியன் வாட்டர்லூவில் என்ன தப்புப் பண்ணினார் என்று பேசியிருக்கலாம், கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் நான் ஏழாயிரம்பண்ணைக்காரன். தலைப்பைக் கேட்டதும் எனக்குப் பக்கத்து அச்சங்குளம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம். அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் ஓர் அறையில் வெடித்தது, அடுத்தடுத்த அறைகளுக்கும் பரவியது. 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காரணம் என்ன? வழக்கம்போல ஒரே சொல்: உராய்வு. எங்கள் பக்கத்தில் எந்த விபத்துச் செய்தியை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும். உராய்வு என்று எழுதிவிட்டால் யாரும் தப்புச் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது பாருங்கள்! ஏதோ இடி விழுந்த மாதிரி.

உராய்வு உண்மைதான். நான் வேதியியல் படித்தவன், இல்லை என்று சொல்ல மாட்டேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் தனித்தனியாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. கலந்துவிட்டால் கதை வேறு. அதனால்தான் இந்தத் தொழிலின் சட்டதிட்டம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகிறது: இடைவெளி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அன்றன்றைக்குத் தேவையான மருந்தை மட்டும் கலக்க வேண்டும், மீதி மருந்தை ராத்திரிக்கு வைத்திருக்கக் கூடாது. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து வெடிபொருள் செய்யவே 1992-இல் மத்திய அரசு தடை போட்டது. எங்கள் ஊர்த் தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குளோரேட் குச்சியின் தலையில், சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில். இரண்டையும் பிரித்து வைத்த ஒரு யோசனையில்தான் அது சட்டைப் பையில் பத்திரமாகக் கிடக்கிறது.

இந்த இடைவெளி ஒரே நாளில் காணாமல் போவதில்லை. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது நான்கு பேர் இருக்கிற அறைக்கு ஐந்தாவதாக ஒரு அக்கா வந்து உட்காருவார். "இடம் இருக்குல்ல, உக்காரட்டும்" என்பார் போர்மேன். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுவாரம் ஆறு பேர். அதற்கும் ஒன்றும் ஆகாது. அறை நெரிசலாக இருக்கிறதே என்று மரத்தடியில் வேலை நடக்கும். யாராவது கேட்டால், "இத்தனை வருசமா இப்படித்தான அண்ணாச்சி செய்யுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். நான் தவறு என்று சொல்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதை, இன்றும் ஆகாது என்பதற்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்கிறோம்.

படிக்காத ஜனங்கள் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் வேலை செய்யவில்லை. முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்கள் அரித்திருந்ததைப் பார்த்திருந்தார்கள். முதல் நாள் இரவு பொறியாளர்கள் வேண்டாம் என்று சொல்லியும் பார்த்தார்கள். ஆனாலும், போன தடவை பத்திரமாகத் திரும்பி வந்ததே! உலகத்திலேயே பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னதும் நம் போர்மேன் சொன்னதும் ஒன்றுதான்.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து எடுத்து விசாரித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு வந்தது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது வெளியே வந்தது. இதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. ஒரே வளாகத்தில் பல குத்தகைக்காரர்கள் என்றால் ஒவ்வொருவரும் தன் அறையை, தன் ஆட்களை, தன் மருந்தை மட்டும்தான் கணக்குப் பார்ப்பார். மொத்தம் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு மருந்து என்று பார்க்க ஆளே கிடையாது. இறந்தவர்களின் வாரிசுகளுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. குத்தகைப் பணம் எண்ணின கைக்கு இந்தக் கணக்கு முன்னமே தெரிந்திருந்தால்...

முதலிப்பட்டியையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். விதிமீறலுக்காக லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில் வேலை நடந்திருக்கிறது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல! முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றலாம் என்றும் என்னவென்று பார்க்கலாம் என்றும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். ஓடிவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆபத்து என்றால் ஓடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஆனால் முதல் வெடிக்குப் பிறகு கிட்டங்கியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அங்கே நின்ற யாருக்குத் தெரியும்?

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆலை மூடிக்கிடக்கும் நாட்களில் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு வெடி உருட்டுகிறார்கள். பீஸ் ரேட் கூலி, கையில் காசு. அதே அறையில் அடுப்பு, அதே அறையில் தூங்குகிற பிள்ளை. "கொஞ்சம்தான் மருந்து இருக்கு" என்பார்கள். போலீஸ் வழக்குப் போடுகிறது, பேப்பரில் வருகிறது, மறுமாதம் வேறொரு தெருவில் மறுபடியும். வானம் பார்த்த பூமியில் வேறு வேலை என்ன இருக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், பதில் சொல்வது சுலபமில்லை. இந்தத் தொழிலையே மூடு என்று சென்னையில் உட்கார்ந்து சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

மாற்ற முடியாததும் அல்ல. 1991-இல் மீனம்பட்டியில் நடந்த விபத்தில் 39 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு, அப்படி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளையை வேலைக்கு வைப்பது சல்லிசு என்று அதுவரை போட்ட கணக்கு அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மாறியது.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் ஆய்வாளராக வருவீர்கள், சிலர் ஆலைக் கணக்கு எழுதுவீர்கள், சிலர் வங்கியில் உட்கார்ந்து இந்த ஆலைகளுக்குக் கடன் கொடுப்பீர்கள். லைசென்ஸ் பேப்பரில் இருக்கிற பெயரும் சம்பளம் கொடுக்கிறவர் பெயரும் ஒன்றுதானா என்று கேளுங்கள். மதியம் 2 மணிக்கு அறையில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலை 9 மணிக்கு எண்ணினால் சரியாகத்தான் இருக்கும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம்மில் வேதியியல் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தீபாவளி வேலை சூடு பிடிப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரப் போர்மேன்களையும் மருந்து கலக்குகிறவர்களையும் இதே அரங்கத்துக்கு அழைத்துப் பேச வைக்கலாம். நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைவிட, அவர்கள் நமக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தேதியைச் செயலாளர் சொல்லட்டும்.