மழலையர்க்கு வீட்டுக் கல்வி

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவ மாணவியரிடம் மழலையர் கல்வியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உங்களுள் பலருடைய வீடுகளில் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பியோ, தங்கையோ, தமக்கையின் மகவோ இருக்கலாம். பெற்றோர் வேலையினின்று திரும்பாத மாலைப்பொழுதில் அக்குழந்தையின் ஓயாத கேள்விகளுக்கு விடை சொல்பவர்கள் நீங்களே. ஆகவே, அறிந்தோ அறியாமலோ, நீங்கள் ஆசிரியப் பணி ஒன்றை மேற்கொண்டிருக்கிறீர்கள். அப்பணியைச் செவ்வனே செய்வது எவ்வாறு என்பதை இன்று சிந்திப்போம்.

‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் செருமானியச் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். இச்சொல்லை 1840இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் பிரெடரிக் புரோபெல் என்னும் கல்வியாளர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் அவர் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கியிருந்தார். பிறந்து ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தவர் அவர். தாய் மடியில் குழந்தை எவ்வளவு கற்கிறது என்பதை அவரே வியந்து கூறினார். 1844இல் தாய்மார்க்கென்றே பாட்டும் விரல் விளையாட்டும் அடங்கிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். மழலையர் பள்ளியைத் தோற்றுவித்தவரே வீட்டை மறக்கவில்லை என்பதை நாம் உளங்கொள்ள வேண்டும்.

இன்று பல வீடுகளில் நிகழ்வது யாது? மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, ‘அ’ என்னும் எழுத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். குழந்தை அழுகிறது, அடுத்த வீட்டுக் குழந்தை நூறு வரை எழுதுகிறதே என்று பெற்றோர் வருந்துகிறார்கள். இவ்வருத்தம் தேவையற்றது. வளர்ந்தவர் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றன்பின் ஒன்றாக உறுதி பெறும். மூன்று வயதில் அவற்றுள் சிலவே எலும்பாகியிருக்கும். விரல்களை ஆளும் திறனும் மெல்ல மெல்லவே வாய்க்கும். முற்றாத கையைப் பணி செய்ய வருத்துதல், முளைத்த நாற்றைப் பிடித்திழுத்து வளரச் செய்வது போன்றதாகும்.

அவ்வாறாயின் கைக்குப் பயிற்சி வேண்டாவோ? வேண்டும். அதற்கு வீட்டு வேலைகளே போதும். பட்டாணி உரித்தல், முருங்கைக் கீரையை ஆய்தல், மாவு உருட்டுதல், துணிகளை மடித்தல், செம்பிலிருந்து தம்ளரில் சிந்தாமல் நீர் ஊற்றுதல் ஆகிய ஒவ்வொன்றும் விரலுக்கும் கண்ணுக்கும் இணக்கம் உண்டாக்கும். குழந்தை செய்தால் வேலை தாமதமாகும். சிறிது நீரும் சிந்தும். அத்தாமதமே கல்வி என்று கொள்க. 1907இல் உரோமாபுரியின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் தம் முதற்பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தகைய அன்றாடப் பணிகளைப் பாடத்தின் உறுப்பாகவே வைத்தார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

எழுத்தைத் தொட்டுணர்ந்து அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தின்மேல் குழந்தை விரலை ஓட்டும். நம் முன்னோர் மணலிலும், பரப்பிய அரிசியிலும் விரலால் எழுதச் செய்த முறை இதற்கு மிக அணுக்கமானது. ஒரு தட்டில் சிறிது மணலைப் பரப்புங்கள். ‘ட’, ‘ப’, ‘ம’ போன்ற எளிய எழுத்துகளை முதலில் எழுதிக் காட்டுங்கள். ‘அ’ என்பது நெடுங்கணக்கில் முதலெழுத்தாயினும் வளைவு மிகுந்தது. அது பின்னர் வரலாம். மணலில் தவறினால் அழித்தெழுதலாம். சிவப்பு மையால் தவறு என்று குறிக்க வேண்டுவதில்லை.

இனி எண்ணைப் பார்ப்போம். ஒன்று முதல் ஐம்பது வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்து வரச் சொல்லுங்கள். சில வேளை ஒன்பதோடு வந்து நிற்கும். எண்ணின் பெயரை அறிதல் வேறு, எண்ணை அறிதல் வேறு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் பியாசே இதனை ஆராய்ந்து காட்டினார். சம எண்ணிக்கையுள்ள காய்களை இரு வரிசையாக வைத்து, ஒரு வரிசையைச் சற்றே அகற்றி நீட்டினால், சிறு குழந்தை நீண்ட வரிசையிலேயே காய் மிகுதி என்று சொல்லும். கண்ணுக்குத் தோன்றும் நீளத்தை அது நம்புகிறது. இத்தெளிவு அடித்து வருவதன்று; கையால் பலமுறை அடுக்கியும் பிரித்தும் பார்த்து வருவது.

நம் பல்லாங்குழி இதற்கு ஏற்ற கருவி. குழிகள் பதினான்கு. ஒரு குழிக்கு ஒரு காய் என்று இட்டுக்கொண்டே செல்லும்போது, ஒன்றுக்கு ஒன்று என்னும் பொருத்தம் விரலிலேயே பதிகிறது. கணக்கின் அடிப்படை அதுவே. உணவு நேரத்தில் வீட்டிலுள்ளோர் எண்ணிக்கைக்கேற்பத் தட்டு வைக்கச் சொல்வதும் இதே பாடந்தான். ஆயினும் சோழியும் கொட்டையும் குழந்தையின் வாய்க்கும் மூக்கிற்கும் எளிதிற் செல்வன. ஆதலால் பெரியவர் ஒருவர் அருகிருக்கும்போது மட்டுமே அவற்றைக் கொடுத்தல் வேண்டும்.

மொழிப் பயிற்சிக்கோ பொருட்செலவே இல்லை. புலி, புளி, பல்லி, பள்ளி எனச் சொல்லிக் காட்டி, வேறுபாட்டைக் காதால் உணரச் செய்யுங்கள். எழுத்தைக் காணுமுன் ஒலியைப் பிரித்தறியும் குழந்தை பின்னர் எளிதாகப் படிக்கும். கதை சொல்லும்போது இடையில் நிறுத்தி, “அப்புறம் என்ன நடந்திருக்கும்?” என்று கேளுங்கள். விடை எதுவாயினும் பொறுமையுடன் செவி கொடுங்கள். கைப்பேசியும் கதை சொல்லுமே எனலாம். அது சொல்லும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்டு மகிழாது. மூன்று, நான்கு வயதினர் அசையாமல் அமர்ந்து திரையைப் பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

இறுதியாக ஒன்று. எழுத்தறியாத தாய்மார் பலர், “எனக்கென்ன தெரியும், நான் என்ன கற்பிக்க?” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மேற்சொன்னவற்றுள் அவர்களால் இயலாதன மிகச் சில. கீரையின் பெயரும், நிலவின் வளர்பிறை தேய்பிறையும், ஊர்க்கதையும் அவர்கள் அறிந்தவையே. அவர்களுடைய தயக்கத்தைப் போக்குவது கற்ற பிள்ளைகளாகிய உங்கள் கடமை. “அம்மா, நீங்கள் சொல்லும் கதையும் பாடந்தான்” என்று அவர்களிடம் எடுத்துரையுங்கள். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தை சலித்தவுடன் நிறுத்திவிடுங்கள். பிறரோடு ஒப்பிடாதீர்கள், கை ஓங்காதீர்கள். கற்றல் இன்பமானது என்னும் நம்பிக்கையோடு ஒரு குழந்தை பள்ளி வாயிலை மிதிக்குமாயின், பின்னர் வரும் ஆசிரியர்கள் அனைவருக்கும் அதுவே நீங்கள் செய்த பேருதவியாகும்.