உறுதிமொழியும் ஊர்ப் பொறுப்பும்



அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்டு மாத்யூ என்னும் கப்புச்சின் சபைத் துறவி, மதுவை அறவே விலக்குவதாக 1838 ஏப்ரல் 10-ஆம் நாள் கையொப்பமிட்டார். சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் அவ்வுறுதியை ஏற்றனர். குடியும் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 1845-இல் தொடங்கிய பஞ்சமும், 1856-இல் அவர் மறைவும் இயக்கத்தைத் தளர்த்தின.

ஆகவே, உறுதிமொழியைத் தாங்கும் ஏற்பாடு ஊரிலேயே வேண்டும். நம் குமரி மாவட்டத்துப் பனையைப் பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிடில் பாளைச்சாறு புளித்துக் கள்ளாகும். தடவினால், அக்கானி என நாம் வழங்கும் பதநீராகும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டியாகும். குடியை விடுமாறு சொல்லும் நாம், பனையேறியின் கருப்பட்டிக்கு நியாயமான விலையும் கிடைக்கச் செய்தல் வேண்டும். அப்போதுதான் மதுவிலக்கு ஊரில் வேரூன்றும்.