வலிமைவீக்கம்: அட்டை விளையாட்டில் புதுமையும் சமநிலையும்



மொழி மன்ற மேடையில் அட்டை விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இத்தலைப்பை எனக்குத் தந்தவன் என் தங்கை மகன். தீபாவளி அன்பளிப்புப் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து அவன் ஓர் அட்டைக்கட்டு வாங்கினான். சில மாதங்கள் அதைக்கொண்டு நண்பர்களுடன் நன்றாகவே ஆடினான். பிறகு புதிய தொகுதி ஒன்று கடைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை வீடு திரும்பியவன், "மாமா, என் அட்டையெல்லாம் செத்துப்போச்சு" என்றான். அட்டைகளில் ஒரு கிழிசலும் இல்லை. ஓர் எழுத்தும் மாறவில்லை. பின் எதுதான் செத்தது? இந்த வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய உரை.

சேகரித்து ஆடும் அட்டை விளையாட்டு, நாம் அறிந்த சீட்டாட்டத்திலிருந்து வேறுபட்டது. சீட்டாட்டத்தில் இருவரும் ஒரே கட்டிலிருந்து ஆடுகின்றனர். இதிலோ ஒவ்வொருவரும் தாம் வாங்கியும் பரிமாறியும் சேர்த்த அட்டைகளிலிருந்து தமக்கெனக் கட்டு அமைத்துக்கொண்டு வருகின்றனர். இவ்வகைக்கு முன்னோடி, கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்'.

அவ்விளையாட்டில் ஓர் அட்டையை இறக்குவதற்கு 'மானா' என்னும் ஆற்றலை விலையாகத் தர வேண்டும். வலிய அட்டைக்கு விலை மிகுதி. எளிய அட்டைக்கு விலை குறைவு. ஆனால் முதல் பதிப்பில் வந்த 'பிளாக் லோட்டஸ்' என்னும் அட்டை, எந்த விலையும் கேளாமல் மூன்று மானாவை வழங்கியது. வலிய அட்டை அரிதாகவே கிடைக்கும். ஆகவே ஒருவர் கையில் பல சேராது என்பது அக்காலக் கணிப்பு. மக்களோ பெட்டி பெட்டியாக வாங்கினர். அரிது என்பது ஏழைக்கு மட்டுமே தடையாயிற்று. பணம் படைத்தவருக்கு அது தடையாகவில்லை. 1994 தொடக்கத்திலேயே, ஒரு கட்டில் அவ்வட்டை ஒன்றுக்குமேல் இருக்கலாகாது என்று போட்டிகளுக்கு விதி வகுக்க நேர்ந்தது.

இங்கிருந்து நமக்கு முதற்பாடம் கிடைக்கிறது: ஓர் அட்டையின் வலிமைக்கு ஆட்டத்துக்குள்ளேயே விலை வைக்க வேண்டும்; கடையில் வைக்கும் விலை அதற்கு ஈடாகாது.

அடுத்து வருவது பெரிய சிக்கல். புதிய தொகுதி விற்க வேண்டும் என்றால் அதில் ஈர்ப்பு வேண்டும். ஈர்ப்புக்கு மிக எளிய வழி, பழையதைவிட வலியதை அச்சிடுவது. சென்ற ஆண்டு மூன்று அடி அடித்த வீரன் இருந்தால், இவ்வாண்டு அதே விலைக்கு நான்கு அடி அடிக்கும் வீரனை வெளியிடலாம். மறு ஆண்டு ஐந்து. இப்போக்கைத் தமிழில் 'வலிமைவீக்கம்' எனலாம் என்பது என் பரிந்துரை. 'பணவீக்கம்' என்னும் சொல் நம்மிடம் முன்பே உண்டு. இரண்டின் இயல்பும் ஒன்றே.

மலாயாத் தமிழருக்குப் பணவீக்கம் ஏட்டுச் செய்தி அன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமரக் காசைப் பற்றி நம் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் அப்பெயர். தேவைக்கேற்ப அச்சிட்டுத் தள்ளினார்கள். தாள் பெருகப் பெருக அதன் மதிப்பு கரைந்தது. போர் முடிந்தபோது, சேர்த்துவைத்தவர் கையில் மிஞ்சியது வெறுங்காகிதம். என் மருமகனுக்கு நேர்ந்ததும் இதுதான். அவன் அட்டை மாறவில்லை; அதைச் சுற்றியிருந்த உலகம் வீங்கிவிட்டது.

அப்படியானால் புதுமையே வேண்டாமா? அதுவும் விடை ஆகாது. புதிது வாராத ஆட்டத்தில், சிறந்த கட்டு எதுவென்று சில மாதங்களில் தெரிந்துவிடும். எல்லாரும் அதையே ஆடுவர். புதுமையும் வேண்டும், வீக்கமும் கூடாது. வழி என்ன?

விடையின் வித்து நம் ஆடுபுலி ஆட்டத்தில் இருக்கிறது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டிக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லும் ஆற்றலே இல்லை. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று காத்து நின்று, புலிகள் நகர இடமின்றி அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. மலாய் மக்களிடமும் 'ரிமாவ்' என்னும் பெயரில் இவ்வகைப் புலியாட்டம் உண்டு. இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது சமநிலை அன்று; ஒவ்வொரு வலிமைக்கும் ஒரு மாற்று இருப்பதே சமநிலை. இவ்வாட்டத்தில் புதுமை செய்ய விரும்பி நான்காவது புலியைச் சேர்த்தால், அது வீக்கம். கோடுகளை மாற்றி வரைந்து இரு பக்கத்தாரையும் புதிதாகச் சிந்திக்க வைத்தால், அதுவே புதுமை.

ஆனால் எண்களை உயர்த்தாத புதுமையும் எல்லை மீறலாம். 2019 அக்டோபரில் வெளிவந்த 'ஓகோ' என்னும் மேஜிக் அட்டை அதற்குச் சான்று. எதிரி எத்தகைய வீரனை இறக்கினாலும், அவனை எந்தத் தனித்திறமும் அற்ற காட்டுமானாக ஓகோ மாற்றிவிடும். அழகிய கற்பனைதான். ஆனால் அதற்கு மாற்று அரிதாயிற்று. மற்ற அட்டைகளின் தனித்தன்மை அனைத்தும் அதன்முன் பொருளிழந்தது. அடுத்த மாதமே முதன்மைப் போட்டிமுறையில் அது தடைசெய்யப்பட்டது. அதன் ஆற்றலைத் தாங்கள் சரியாக எடைபோடவில்லை என்று வடிவமைப்பாளர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர்.

2020-இல் அறிமுகமான 'துணைவர்' அட்டைகளுக்கு நேர்ந்தது வேறு. கட்டுக்கு வெளியே காத்திருந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் தவறாமல் உதவிக்கு வருபவர் துணைவர். அவர்கள் ஆட்டத்தையே ஆளத் தொடங்கியபோது விதி திருத்தப்பட்டது: துணைவரைக் கைக்கு அழைக்க மூன்று மானா கொடுக்க வேண்டும். கற்பனை பிழைத்தது, அதற்குரிய விலை மட்டும் பிறகு வந்து சேர்ந்தது.

இவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? சுங்கை பூலோ மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வூரில் இயங்கிய இரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைத் தோட்டத்தில் நம்மவர் பலரின் குடும்பங்கள் உழைத்தன. புதிய கன்றுவகை பால் மிகுதியாகச் சுரந்தால் மட்டும் போதாது. காற்றுக்கு முறியுமா, இலைநோய்க்குத் தாங்குமா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அட்டைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

வீக்கத்தைத் தணிக்க வேறு வழிகளும் கையாளப்படுகின்றன. மேஜிக் தன் முதன்மைப் போட்டிமுறையில் பழைய தொகுதிகளைக் காலமுறைப்படி விலக்குகிறது. 'யூ-கி-ஓ' பழையவற்றை விலக்குவதில்லை, தடைப்பட்டியலையே நம்புகிறது. முன்னது, அட்டைகளுக்கு அறிவிக்கப்பட்ட ஓய்வு. பின்னது, எப்போது வருமென்று தெரியாத தீர்ப்பு. இரண்டிலும் வாங்கியவருக்கு இழப்பு உண்டு. எனினும் முன்னறிவித்த இழப்பு ஏமாற்றம் ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்த வழி மூன்றாவது. 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த மேஜிக் உலகத்தர வாகையர் சுற்றில் ஜான் ஃபின்கல் வென்றார். அங்கே எவரும் வீட்டிலிருந்து கட்டு கொண்டுவந்து ஆடவில்லை. மேசையில் புதிய பொட்டலங்களைப் பிரித்து, ஆளுக்கோர் அட்டையாக எடுத்து, மீதியை அடுத்தவரிடம் நகர்த்தி, அப்படிச் சேர்ந்ததைக் கொண்டே ஆடினர். அங்கே பணப்பை பேசுவதில்லை. தேர்ந்தெடுக்கும் அறிவே பேசுகிறது.

இளைஞர்களே, உங்களுள் சிலர் தமிழில் அட்டை விளையாட்டு படைக்க விரும்பலாம். ஐந்திணை என்னும் ஆயத்தக் களம் நம்மிடம் இருக்கிறது. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் பாலையும் ஒன்றையொன்று விஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமை, ஒரு குறை என அமையலாம். இரண்டாம் தொகுதியை வரையும்போது "இது பழையதைவிட வலியதா?" என்று கேளாதீர்கள். "பழைய அட்டைக்கு இது புதிய வேலை தருகிறதா?" என்று கேளுங்கள்.

என் மருமகனும் நானும் இப்போது அவனுடைய 'செத்த' அட்டைகளைக் குலுக்கி மேசைமேல் பரப்பி, ஆளுக்கொன்றாக எடுத்து ஆடுகிறோம். போன வாரம் மூன்று ஆட்டங்களிலும் அவனே வென்றான்.