ஓக்கியின் எழுதுமேசை



மார்கழி விடியலில் பள்ளிகொண்டா அரங்கநாதர் கோயில் மணியோசை கேட்டுப் பழகிய செவிகளுக்கு, ‘அழகும் துயரும்’ என்னும் சப்பானிய நாவலின் தொடக்கம் அயலாகத் தோன்றாது. ஆண்டிறுதி இரவில் கியோத்தோ கோயில்களில் மணி 108 முறை ஒலிக்கும். அதைக் கேட்கவென்று எழுத்தாளன் ஓக்கி தொடர்வண்டி ஏறுகிறான். மணியோசை ஒரு சாக்கு. அவன் தேடிச் செல்வது, இருபது ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பிரிந்த ஒட்டோக்கோவை.

1968இல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபத்தா 1961 முதல் 1963 வரை தொடராக எழுதியது இந்நாவல். மணமான ஓக்கி, பள்ளிப் பருவத்துப் பெண்ணான ஒட்டோக்கோவைக் காதலித்தான். அவள் பெற்ற மகவு இறந்தது. அவளும் உயிர்விட முயன்று பிழைத்தாள். இன்று ஓவியராக வாழும் அவள் பழி கருதவில்லை. அவளை உயிரெனக் கொண்ட மாணவி கெய்க்கோவே அப்பழியைத் தனதாக்கிக்கொண்டு, ஓக்கியையும் பின்னர் அவன் மகன் தைச்சிரோவையும் அழகால் ஈர்க்கிறாள். பிவா ஏரிப் படகு விபத்து கொண்டுபோவது, குற்றமறியா மகனை. கண்ணகியின் சினத்தோடு இதனை ஒப்பிடத் தோன்றலாம், பொருந்தாது. அவள் பிழைசெய்த மன்னனிடமே நீதி கேட்டாள்.

ஆயினும் நாவலின் பெருங்கொடுமை நிகழ்வது ஏரியிலன்று, எழுதுமேசையில். ஓக்கி அக்காதலை நாவலாக்கினான். புகழும் வருவாயும் அதனால் வந்தன. அதைத் தட்டச்சு செய்தவள் யார்? அவன் மனைவி ஃபுமிக்கோ! கணவன் வேறொருத்தியோடு வாழ்ந்ததை அவள் எழுத்தெழுத்தாக அடித்துத் தந்தாள். அவள் கருவும் சிதைந்தது. பொறாமையைப் பேசும் எந்த வருணனையும் அந்தத் தட்டச்சுப் பொறிக்கு ஈடாகாது.

அன்பின் ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டலாகாது என்றது தொல்காப்பியம். வேலில் வேம்பு சூட்டியது பாண்டியனின் அடையாளம் என்பதாலேயே நெடுநல்வாடையைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். தேர்வுக்குரிய இலக்கணமாகவே இவ்விதி சுருங்கிப்போனது வருந்தத்தக்கது. பிறர் துயரைப் பாடுவோன் காக்கவேண்டிய நாணம் அதனுள் இருக்கிறது.

பெயர் சுட்டிய இடமும் உண்டு. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்தபோது கபிலரும் பரணரும் அவனிடமே சென்று பாடினர். பரணர் வேண்டிய பரிசில் பொன்னன்று. அவன் அவளிடம் திரும்பவேண்டும் என்பதே. ஓக்கி பெற்ற பரிசிலோ நூலின் வருவாய். ஒட்டோக்கோ இறந்த தன் குழந்தையை ஓவியமாக்க எண்ணி எண்ணி, ஆண்டுகள் பலவாக வரையாதிருக்கிறாள்.