வீட்டுக்குள் வந்த வேலை

2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்ததும் கணினிப் பணியாளர் பலர் இல்லத்திலிருந்தே உழைக்கலாயினர். இதனைப் புதுமை என்றனர் சிலர். முர்ஷிதாபாத்திலும் நிஜாமாபாத்திலும் பீடி சுற்றும் பெண்மணிகள் கேட்டால் நகைப்பர். இலையும் தூளும் வாங்கிச் சென்று வீட்டில் சுற்றுவோரும் தொழிலாளரே என 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது; 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே. செலவான நேரத்தைக் கணக்கிடுவோர் இல்லை.

கணினிப் பணியாளருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஐயமில்லை. எனினும் வேலை முடிந்ததென்று ஊதும் ஆலைச் சங்கு அவர் வீட்டில் இல்லையே! இரவு பத்து மணிக்கும் மேலதிகாரி அழைக்கிறார். குழந்தைக்குச் சோறூட்டும் தாயும் மறுமொழி தரவேண்டும். பிரான்சில் பணிநேரத்துக்குப்பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் சட்டத்தில் உள்ளது. இங்கே 2018இல் மக்களவையில் கொணரப்பட்ட தனி உறுப்பினர் மசோதா சட்டமாகவில்லை. அதுவரை, வேலை முடியும் மணியைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதித்தருமாறு தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.