பிடியும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய வட்டத்தின் விழாவில் கத்திகளைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கலாம். மரப்பிடியிட்ட பழங்கத்திகளை நான் சேர்த்து வருவதை அறிந்த வட்டத்தார், அதனையே பேசுக எனப் பணித்தனர். கத்தி தேடிச் சென்ற ஊர்களிலிருந்து நான் மிகுதியாகக் கொண்டு வந்தவை சொற்களே. ஆதலின் இவ்வுரை இலக்கியத்திற்குப் புறம்பானதன்று.

கத்தி என ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். உழைக்கும் மக்கள் அவ்வாறு அடக்குவதில்லை. நெல்லறுக்கக் கருக்கரிவாள், விறகு தறிக்க வெட்டரிவாள், பனையில் பாளை சீவப் பாளை அரிவாள், ஏட்டை நறுக்கவும் எழுதவும் ஒருங்கே பயன்பட்ட மடக்கெழுத்தாணி எனத் தொழில்தோறும் பெயர் உண்டு. கொங்கு நாட்டார் கொடுவாள் என்பதற்கு நெருங்கிய கருவியைக் குமரி மாவட்டத்தார் வெட்டுகத்தி என்பர். யாழ்ப்பாணத்தார் கொடுவாக்கத்தி என்பர். பனைமட்டையின் ஓரத்துப் பல்லும் கருக்கு. அரிவாளின் பல்லும் கருக்கு. 1992இல் பாமா தம் நூலுக்குக் ‘கருக்கு’ என்று பெயரிட்டபோது, அச்சொல்லின் கூர்மை வயலிலும் பனங்காட்டிலும் ஏற்கெனவே தீட்டப்பட்டிருந்தது.

இனிப் பிடிக்கு வருவோம். இரும்பின் கூர்ந்த பின்முனையைச் செந்நிறமாகக் காய்ச்சிக் கட்டையில் இறக்குவர். அது தனக்குரிய இடத்தைத் தானே எரித்து அமைத்துக்கொள்ளும். கட்டை பிளவாதிருக்க வாயில் பூண் இடுவர். புறத்தே வன்மையுடையது புல், அகத்தே வன்மையுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அவ்வன்மைக்கு அது தரும் பெயர் காழ். வைரம் பாய்ந்த கட்டையைத் தட்டிப் பார்த்து எடுக்கும் கொல்லர் அவ்விலக்கணத்தைக் கையால் கற்றவர்.

ஆயினும் முதலில் அழிவது பிடியே. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்த ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. மரமோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயிற்று. இன்று அழிக்கும் வேலையை மண் மட்டும் செய்யவில்லை. பழம்பொருள் விற்போர் சிலர் தேய்ந்த பிடியைக் கழற்றியெறிந்து, மெருகேற்றிய புதுப்பிடி பொருத்தி விற்கின்றனர். பெருவிரல் அழுந்திய குழிவு, இடக்கைக்காரர் பிடித்த சாய்வு, வியர்வை ஏறிக் கறுத்த நிறம் ஆகிய யாவும் அத்துடன் போய்விடுகின்றன. அலகு கொல்லரின் கைத்திறனைக் காட்டும். பிடியோ வைத்திருந்தவரின் வாழ்வைக் காட்டும்.

இவ்விடத்தில் புறநானூற்றின் 95ஆம் பாடலை நினையாதிருக்க இயலவில்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் அணி செய்யப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழ்ந்த பாட்டு அது. பொருள் சேர்க்கும் ஒவ்வொருவரும் தம் அலமாரியைத் திறக்குமுன் அதனை ஒருமுறை படிக்க வேண்டும். நாம் சேர்ப்பது தொண்டைமானின் களஞ்சியமா, அதியமானின் களஞ்சியமா?

தென்கோடி ஊரொன்றில், மறைந்த பனையேறியின் மனைவியாரிடம் ஒரு பாளை அரிவாளை விலைக்குக் கேட்டேன். “இரும்பை வேணும்னா கொண்டு போங்கம்மா, பிடி இங்கேயே இருக்கட்டும். அவுக கை அதுலதான் இருக்கு” என்றார். பிடியை நீக்கி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அரிவாளின் உறுப்புகளுக்கு அவர் சொன்ன பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினேன். என் தொகுப்பில் அக்கருவி இல்லை. குறிப்பேட்டில் அதற்கு முழுதாக இரண்டு பக்கங்கள் உண்டு.

கவிஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. முனை மழுங்கிய இரும்பைக் குறித்த மொக்கை என்னும் சொல், இன்று சுவையற்ற பேச்சைக் குறிக்க இளைஞர் நாவில் வாழ்கிறது. எல்லாச் சொல்லுக்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. உங்கள் ஊர்ப் பட்டறையில் துருத்தி ஓய்வதற்குள், அங்குள்ள கருவிகளின் பெயர்களையும் உறுப்புகளின் பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள். கவிதையில் கத்தி என்று எழுத நேரும்போது, எந்தக் கத்தி, எவர் கைக்கத்தி என்று ஒரு கணம் எண்ணுங்கள்.