கீழ்ச்சுரம் ஊதும் பிள்ளைக்கு என்ன பாடம்?

(பள்ளி பேண்டு வாத்தியக் குழுப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேண்டு இருக்கும் பள்ளிகளில் டிரம்பெட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. வரிசையில் நிற்பார்கள். யூபோனியம், டிராம்போன், டியூபா ஆகிய மூன்றுக்கும்தான் நாம் ஆள் பிடிக்கிறோம். உயரமான பையனா, அவனிடம் கொடு. டிரம்பெட்டில் தேறவில்லையா, அவளிடம் கொடு. அதன்பின் அந்தப் பிள்ளைக்கு 'பூம், பூம்' என்று இரண்டு மூன்று சுரங்களே பாடம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கருவி பீரோவுக்குத் திரும்பிவிடுகிறது. படிப்புச் சுமை என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்க விடாத கருவியை எந்தப் பிள்ளை விரும்பி எடுத்துப் பயிற்சி செய்யும்?

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: கீழ்ச்சுரக் கருவி ஊதும் பிள்ளைக்கும் தினமும் ஒரு மெட்டு வேண்டும். அதற்கான பாடங்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

மார்கோ போர்டோன்யி என்று ஓர் இத்தாலியப் பாடகர். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் இசைக்கல்லூரியில் பாட்டு ஆசிரியராக இருந்தார். பாடகர்களின் குரல் பயிற்சிக்காகச் சொற்கள் இல்லாத மெட்டுகள் பல எழுதினார். ரோஷூ என்ற டிராம்போன் கலைஞர் அவற்றில் 120 மெட்டுகளைத் தம் கருவிக்கு மாற்றி 1928இல் வெளியிட்டார். உலகெங்கும் டிராம்போன், யூபோனியம் மாணவர்கள் இன்றும் அவற்றைத்தான் ஊதிப் பழகுகிறார்கள். பாட்டுக்காரர் பாடம் ஊதுகருவிக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. இரண்டுக்கும் மூலதனம் மூச்சுதான்.

இன்னொன்று, ஆர்பன் 1864இல் கார்னெட்டுக்காக எழுதிய பெரிய பயிற்சி நூல். பிரிட்டிஷ் பேண்டு வழக்கப்படி யூபோனியத்துக்கு டிரெபிள் கிளெஃபில் எழுதினால், விரல் வைப்பு டிரம்பெட்டுக்கு உள்ளதேதான். எனவே ஆர்பன் நூலை யூபோனியம் பிள்ளை அப்படியே எடுத்து வாசிக்கலாம். ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். போர்டோன்யி, ஆர்பன் இருவரின் மூல நூல்களும் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் சில பக்கங்களை அச்செடுத்தாலே ஓராண்டுக்குப் போதும்.

'எங்களுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாதே' என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. சரி, நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

பி-பிளாட் யூபோனியத்தில் எந்த வால்வையும் அழுத்தாமல், உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றி ஊதுங்கள். ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப என்று வரும். டிராம்போனில் சறுக்குக் குழாயை முழுவதும் உள்ளே வைத்து ஊதினாலும் இதே சுரங்கள்தாம். வால்வுகளும் சறுக்கும் செய்வது குழாயை நீட்டுவது மட்டுமே. இரண்டாம் வால்வு அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. இவற்றைச் சேர்த்து ஏழு நிலைகள். டிராம்போனிலும் ஏழு நிலைகள். ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் இரு கருவிக்கும் அது உதவும்.

இப்போது மோகனத்துக்கு வருவோம். ச திறந்த நிலை. ரி ஒன்றும் மூன்றும். க ஒன்றும் இரண்டும். ப திறந்த நிலை. த மீண்டும் ஒன்றும் இரண்டும். மேல் ச திறந்த நிலை. டிராம்போனில் 1, 6, 4, 1, 4, 1. இவ்வளவுதான். நம் தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகத்தில் அமைந்தது. தினமும் காலைக் கூட்டத்தில் பாடுவதால் பிள்ளைக்கு மெட்டு மனப்பாடம். முதலில் பாடச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு அடியையும் ஒரே மூச்சில், மெதுவாக ஊதச் சொல்லுங்கள். போர்டோன்யி பாடத்தில் இருக்கும் வேலை முழுவதும் இதில் இருக்கிறது.

கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஆறரைக் கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வால்வு யூபோனியத்தில் அந்த ரி சற்று ஏறிப் பேசும். பிள்ளையின் காதே அதைக் கண்டுபிடிக்கும். மூன்றாம் வால்வின் குழாயைச் சிறிது வெளியே இழுத்தால் சரியாகும். இ-பிளாட் டியூபா என்றால் சுருதி மாறும், அதற்கேற்பக் கட்டையை மாற்றுங்கள்.

நேரம்? 20 நிமிடம் போதும். 5 நிமிடம் நீண்ட சுரங்கள், 5 நிமிடம் வால்வைத் தொடாமல் ச-ப-ச ஏற்ற இறக்கம், மீதி 10 நிமிடமும் மெட்டு. ஊதிய அளவுக்கு ஓய்வும் வேண்டும். உதடு மரத்த பின் ஊதினால், மவுத்பீஸை முகத்தில் அழுத்தும் பழக்கம்தான் படியும். அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

கருவி ஒன்று, பிள்ளைகள் இருவர் என்பதுதான் நம் நிலைமை. கருவியை வீட்டுக்கு அனுப்பத் தயங்கலாம், மவுத்பீஸை அனுப்பலாம். ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒருவர் வாய் வைத்ததை மற்றவரிடம் கொடுக்கவே கூடாது. வெறும் மவுத்பீஸில் உதட்டை அதிரவிட்டு அதே பாட்டை ஊதிப் பழகலாம். 'தேனீ மாதிரி கத்துகிறான் சார்' என்று அம்மாக்கள் சொல்வார்கள். அப்படியானால் சரியாகச் செய்கிறான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு டிராம்போன் கொடுக்க அவசரப்படாதீர்கள், ஆறாம் நிலைக்குக் கை எட்டாது. யூபோனியத்தில் தொடங்கி, கை நீண்டதும் மாற்றலாம். உதட்டுப் பழக்கம் வீணாகாது.

விமானப்படை, அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்களை எடுக்கிறது. யூபோனியமும் டிராம்போனும் அதில் ஏற்கப்படும் கருவிகள். அங்கே வாசித்துக் காட்டச் சொல்வார்கள். 'பூம், பூம்' என்று மட்டும் பழகிய பிள்ளை என்ன வாசிக்கும்?

பராமரிப்பு பற்றி ஒரு சொல். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே விற்கும் வால்வு எண்ணெய்ப் புட்டி ஒன்று பல மாதங்கள் வரும்.

மேசைமேல் இரண்டு யூபோனியங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கொரு மவுத்பீஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். ச, ப, ச மூன்றையும் ஊதிவிட்டு மோகனத்துக்குப் போவோம்.